கூடாரக் கணக்கு

கணக்குப் பரீட்சை எழுதப் போன மகள் திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள். அதுவே தார்ப்பாய் தைக்கும் அவள் அப்பா கித்தான்காரருக்குச் சரியாகப் படவில்லை. பள்ளி இறுதிப் பரீட்சை முடியும்வரை அவள் மிஷினைத் தொடக் கூடாது என்று அவர்தான் உத்தரவு போட்டிருந்தார். மழைக்காலம் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. வருஷம் முழுக்கத் தூங்கிய லாரிக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் விழித்துக்கொண்டு, கிழிந்த தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பருவம் அது. முன்கூடம் முழுவதும் பச்சைக் கித்தான் மலைபோல் கிடந்தது. மெழுகு ஏற்றிய துணியின் வாடை அடுப்படிவரை போய்ச் சோற்றிலும் ஏறியது. இருக்கிற கைகள் போதாத வேளைதான். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான்.

"எழுந்திரு" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. காலால் மிதித்துக்கொண்டே இருந்தாள். அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். ஏற்கெனவே தைத்து முடித்த விளிம்பின்மேல் மறுபடியும் தைத்துக்கொண்டிருந்தாள்.

கித்தான்காரர் சாதாரணமாக யாருக்காகவும் குனிகிறவர் அல்லர். முப்பது வருஷம் கனத்த துணியை மிஷினுக்கு ஊட்டுகிறவனுக்குக் கூன் விழுவது வழக்கம். அவருக்கு விழவில்லை. விழுந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கூனே பயந்து போய்விட்டது என்பாள் அவர் மனைவி. அந்த வீட்டில் தைத்த தார்ப்பாய் ஒழுகிற்று என்று ஒரு சொல் வந்ததில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்தே ஒரு விதி உண்டு: கேட்ட அளவோடு நிற்காதே, தையலுக்கு விட்டு வெட்டு. துணி கூடினால் மடித்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் அழுதாலும் வளராது. மகளுக்குப் பேச்சு வந்த வயதிலேயே அந்த விதியும் வந்துவிட்டது.

மகளிடமிருந்து விஷயத்தைப் பிடுங்கியது அவள் அம்மாதான். ஒரு டம்ளர் டீயை மிஷின் பலகையில் வைத்துவிட்டு, சக்கரத்தின்மேல் கையை வைத்து நிறுத்தினாள். மிஷின் நின்றதும் மகளின் கண்ணில் நீர் வந்தது.

கேள்வித்தாளில் ஒரு கூடாரம் வந்திருந்தது. கூம்பு வடிவம், தரையில் ஆரம் நாலே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சாய்ந்த உயரம் ஏழு மீட்டர். ஒன்று புள்ளி ஒன்று மீட்டர் அகலமுள்ள கித்தானில் அதைச் செய்ய எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வகுப்பில் எல்லாருக்கும் எண்பத்துநாலு வந்தது. இவளுக்குத் தொண்ணூற்றரை.

"கேள்வியைக் காட்டு" என்றார் கித்தான்காரர்.

கேள்வித்தாளை வாங்கித் தூரப்பிடித்துப் படித்தார். பிறகு துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை எடுத்துத் தரையில் மண்டியிட்டார். சூத்திரம், கீத்திரம் எதுவும் அவருக்குத் தெரியாது. குறுக்களவை மூன்றால் பெருக்கி, அதோடு அதே குறுக்களவில் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் வட்டத்தின் சுற்று. அதைத் துணியின் அகலத்தால் வகுத்தால் எத்தனை பட்டை என்று வரும். மேலே ஊசிமுனையாகக் குறுகும் பட்டை ஆகையால் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் இரண்டு பட்டைக்கு ஏழு மீட்டர்த் துண்டு ஒன்று போதும். அகலத்தை வகுப்பதற்குமுன் ஒவ்வொரு பட்டைக்கும் ஐந்து சென்டிமீட்டர் தையலுக்குத் தள்ளினார். எண்பத்தெட்டு வந்தது. கீழ்விளிம்பில் கயிறு ஓட மடிப்பு வேண்டுமல்லவா? அதற்கு ஒரு இரண்டரை. கூட்டினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகத்தில் கர்வம் பொங்கியது.

"தொண்ணூத்தரை. சரியாத்தானே போட்டிருக்க? கடைக்குப் போனா தொண்ணூத்தொண்ணா வாங்கணும், அவ்வளவுதான். எண்பத்துநாலு வாங்கி எவன் கூடாரம் தைப்பான்? கேள்வி எடுத்தவன் ஊசியைக் கண்ணால பாத்திருக்கானா?"

மகள் இப்போது உரக்கவே அழுதாள்.

அம்மா சொன்னாள்: "ஏங்க, அவங்க கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும். கேக்காததையும் சேத்துச் சொல்லிட்டு வந்திருக்கா. வேற யாரு மாதிரி இருப்பா?"

அந்த ஒரு கணக்கோடு போயிருந்தால் பாதகமில்லை. மடிப்பைச் சேர்த்ததும் விடை முழு எண்ணாக வராமல் புள்ளிக்குப்பின் வால் நீண்டது. பரீட்சையில் விடை அப்படி வருமா என்று அவளுக்குச் சந்தேகம். அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே வால். மூன்றாம் தரமும் போட்டாள். அரைமணி நேரம் கூடாரத்துக்குள்ளேயே சுற்றி வந்து, வெளியே வந்தபோது மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கடைசி இரண்டு பெரிய கணக்குகளை அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கித்தான்காரர் கையிலிருந்த சாக்குக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளை மறுநாள் இயற்பியல் பரீட்சைக்குத் தான் போகப் போவதில்லை என்றாள். மீதி எதற்குமே போகப் போவதில்லை, அடுத்த வருஷம் மொத்தமாக எழுதிக்கொள்கிறேன் என்றாள். ஒரு தாளை விட்டாலும் அந்த வருஷம் போனதுதான் என்பது மூவருக்கும் தெரியும்.

அவர் கத்தினார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டவர் இந்த வீட்டில் யார் என்று கேட்டார். உன் தாத்தா காய்ச்சலோடு உட்கார்ந்து ராணுவ லாரிக்குத் தைத்துக் கொடுத்தாரே, அந்த ரத்தம் எங்கே போயிற்று என்று கேட்டார். குடும்ப மானம் என்ற சொல் நாலைந்து முறை வந்துபோயிற்று. அந்தச் சொல் வரும்போதெல்லாம் மகள் இன்னும் கொஞ்சம் குறுகிப் போனதை அவர் கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்தாள்.

சாயங்காலம் வெயில் சாய்ந்த நேரத்தில் அவர் கொல்லைப்புறத்தில் வெளிச்சம் பார்க்கப் போனார். தைத்து முடித்த தார்ப்பாயை நாலு கம்பத்தில் தாழ இழுத்துக் கட்டி, அடியில் நுழைந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார்கள். ஊசி தவறிப் போட்ட ஓட்டை இருந்தால் இருட்டுக்குள் நட்சத்திரம்போல் ஒரு புள்ளி வெளிச்சம் விழும். அந்த இடத்தில் மெழுகைத் தேய்த்து அடைக்க வேண்டும். நிமிர்ந்த முதுகுக்காரர் ஒரு நாளில் குந்தி உட்காரும் ஒரே வேலை அதுதான். உள்ளே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் அதை அவரே செய்வார்.

அவர் உள்ளே இருந்தபோது தார்ப்பாய்க்கு வெளியே, துணி துவைக்கும் கல்லின்மேல், மகளும் அவள் சிநேகிதியும் வந்து உட்கார்ந்தார்கள். சிநேகிதி பெயின்ட் கடைக்காரரின் மகள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளும் கலங்கித்தான் வந்திருந்தாள்.

"கடைசிப் பக்கத்துல என்ன எழுதினேன்னே ஞாபகம் இல்லடி. கைதான் எழுதுச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள்.

"உனக்கு எண்பத்துநாலு வந்துச்சுல்ல. அப்புறம் என்ன?"

"அது வந்துச்சு. வேற எதுவும் வரல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விரல் விட்டு மதிப்பெண்ணைக் கூட்டினார்கள். எப்படிக் கூட்டினாலும் மனம் சொன்ன எண் வரவில்லை போலும், கழித்தும் பார்த்தார்கள். கித்தான்காரர் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் வருவதென்றால் நாலு காலில் தவழ்ந்துதான் வர வேண்டும். பெண்பிள்ளைகள் எதிரில் அப்படி வர அவருக்கு மனமில்லை. அவர்கள் போகட்டும் என்று மெழுகுக்கட்டியோடு உள்ளேயே இருந்தார்.

"உங்க அப்பா என்ன சொல்வார்?" என்று கேட்டாள் மகள்.

"திட்டுவார். அப்புறம் டீயைக் குடிச்சிட்டு, சரி, வந்து டப்பாவை அடுக்குன்னு சொல்லுவார். உங்க அப்பா?"

"எங்கப்பா வீட்டுக்குள்ள கத்துவார், அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெளியதான் பயமா இருக்கு." மகளின் குரல் தணிந்தது. "லாரி ஷெட்டுல போய் எம்பொண்ணு பாலம் கட்டப் போறா, உங்க வண்டியெல்லாம் அதுமேலதான் போகணும்னு சொல்லி வச்சிருக்கார். அங்க எல்லாரும் என்னை இஞ்சினியரம்மான்னுதான் கூப்பிடுறாங்க. போன வருஷம் அங்க லாரி ஓட்டுற ஹாரன் மாமா மகன் பரீட்சையில தோத்துப் போனப்ப, வீட்டுல ஒழுங்கு இருந்தா பிள்ளை ஏன் தோக்குதுன்னு அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டவர்டி எங்கப்பா. இனிமே அந்த மனுசனை எப்படிப் பாப்பார்?"

"அதுக்காக நீ எழுதாம விடுவியா?"

"எழுதினாத்தானே தோத்தான்னு வரும்? எழுதலைன்னா உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம். அதுல மானம் போகாது. எனக்கு ஒரு வருஷம் போனா போகட்டும்."

 சிநேகிதி, தனக்கும் உடம்பு சரியில்லாமல் போகுமா என்று பார்க்க வேண்டும் என்றாள். இரண்டு பேரும் அழுகையும் சிரிப்புமாக எழுந்து போனார்கள்.

கித்தான்காரர் வெளியே வரவில்லை. வெளிச்சம் முழுதும் இறங்கிப் போயிற்று. மனைவி வந்து தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, ஒற்றைப் புள்ளி வெளிச்சமும் இல்லாத இடத்தில் இன்னும் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் தவழ்ந்து வெளியே வந்தார்.  இரவு சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு ஒரு தார்ப்பாய் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாக அதைத் தள்ளுவண்டிக்காரர் கொண்டுபோவார். அன்று அவரே கூடப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். பட்டனைக் கழுத்துவரை போட்டார். எதற்கு இந்தக் கல்யாணக் கோலம் என்று மனைவி கேட்டதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஷெட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் என்று பேர் வாங்கிய மூத்த டிரைவர், தன் வண்டியின் படியில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் ரகசியம் பேசினாலே மூன்றாம் தெருவுக்குக் கேட்கும். போன வருஷத்திலிருந்து கித்தான்காரரிடம் மட்டும் அந்தத் தொண்டை திறப்பதில்லை. தார்ப்பாய் வாங்குவார், தலையை ஆட்டுவார், போய்விடுவார்.

கித்தான்காரர் ஷெட்டின் நடுவில் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் மக கணக்குப் பரீட்சையில கோட்டை விட்டுட்டா" என்றார்.

யாரும் திரும்பவில்லை. கம்ப்ரஸர் அவர் சொல்லை முழுங்கிவிட்டது. ஒருவன் மட்டும் உதடு அசைவதைப் பார்த்து, என்ன, தண்ணி வேணுமா என்று கையால் கேட்டான். ஒரு முறை சொல்வதற்கே காலையிலிருந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு வந்தவர் அவர். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லியாயிற்று, கேட்காதது அவர்கள் குற்றம். ஆனால் இது காதில் விழுந்தால்தான் கணக்கு. அவரே நடந்துபோய்க் கம்ப்ரஸரின் சுவிட்சை அமர்த்தினார்.

ஷெட் முழுதும் நிசப்தமானது. எல்லாரும் திரும்பினார்கள்.

"என் மக கணக்குல கோட்டை விட்டுட்டா. ரெண்டு பெரிய கணக்கு எழுதவே இல்ல. தப்பு அவ மேல இல்ல, நான் சொல்லிக்குடுத்த பழக்கம்." கூடாரத்தையும் தையலுக்கு விட்டதையும் சுருக்கமாகச் சொன்னார். பிறகு ஹாரனைப் பார்த்தார். "போன வருஷம் உங்க வீட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

ஹாரன் கையிலிருந்த ரொட்டி ஊறி டம்ளருக்குள் விழுந்தது. அவர் அதை நிதானமாக விரலால் எடுத்துத் தின்று முடித்தார். அவ்வளவு நேரமும் கித்தான்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல" என்றார் ஹாரன், தன் முழுக் குரலில். "பையன் அடுத்த தடவை எழுதித் தேறிட்டான், அது வேற. ஆனா உங்க பொண்ணு தோக்கணும்னு நானும் ஒரு நாள் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

"நியாயம்தான்" என்றார் கித்தான்காரர்.

"நியாயம் இல்லங்க. சின்னப் பொண்ணு." ஹாரன் எழுந்து டம்ளரை உதறினார். "தொண்ணூத்தரைன்னா எழுதினா?"

"ஆமா."

"நம்ம வீட்டு மாதிரியே இருக்கு. என் பையனை வேகக் கணக்குல ரெண்டு ஊருக்கு நடுவுல எத்தனை மணி நேரம்னு கேட்டாங்களாம். டீ குடிக்க, செக்போஸ்ட்டுல நிக்க எல்லாம் சேத்துப் போட்டுட்டு வந்தான்."

ஷெட் சிரித்தது. கித்தான்காரர் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் யாரோ கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இயற்பியல் புத்தகம் அலமாரியில் இருந்தது. அவர் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஷெட்டுல சொல்லிட்டேன்."

மகள் திரும்பினாள். "என்னன்னு?"

"கணக்குல நீ கோட்டை விட்டுட்டேன்னு. ரெண்டு தடவை சொன்னேன்."

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: "ஒரு தடவை பத்தாதா?"

"முதல் தடவை யாருக்கும் கேக்கல."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.  "ஹாரன் மாமா இருந்தாரா?" என்று கேட்டாள்.

"அவர்கிட்டதான் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"அவர் வீட்டுப் பையன் செக்போஸ்ட்டைச் சேத்துப் போட்டானாம்." அவர் சுவரோரமாகக் கித்தான் குவியலின்மேல் உட்கார்ந்தார். அதில் உட்கார்ந்து யாரும் அவரைப் பார்த்ததில்லை. தைக்கிற துணியில் உட்காருவது தொழிலுக்கு மரியாதை இல்லை என்பார். "இதோ பாரு. என் மானத்தைக் காப்பாத்த நீ ஒரு வருஷத்தைக் குடுக்க வேண்டாம். அது என் பொறுப்பு. நான் பாத்துக்குறேன்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கொல்லைப்புறத்துத் தார்ப்பாயை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்; புரிந்துவிட்டது.  "நாளைக்கும் சொதப்பினா?" என்றாள்.

"அதையும் போய்ச் சொல்றேன். இப்ப பழகிடுச்சு."

அடுப்படியில் ஒரு பாத்திரம் நழுவி விழுந்தது. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எதையோ தவறவிட்டிருந்தாள்.  மகள் எழுந்து, கித்தான் குவியலைத் தாண்டி, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஒரு கேள்வி தெரியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னாள். சரி என்றாள். கேட்டதை மட்டும் எழுத வேண்டும் என்றாள் அம்மா. அதற்கும் சரி என்றாள் மகள். சாயங்காலம் பெயின்ட் கடைக்காரரின் மகள் உடம்பு சரியில்லாமல் போவது எப்படி என்று கலந்துபேச வந்தாள். வந்தவளைப் பிடித்து உட்காரவைத்து லென்ஸ் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாள் மகள்.

பரீட்சை நாளன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து வர வேண்டிய மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது, பேருந்து வரவில்லை. இரண்டு பெண்களும் நுழைவுச் சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். கித்தான்காரர் நேரத்தைப் பார்த்தார். நடந்தே போய்விடலாம், நான் முன்னால் போகிறேன் என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டும்போது தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

"இஞ்சினியரம்மா" என்று ஒரு குரல் தெரு முழுவதையும் எழுப்பிற்று. "ஏறுங்க. தையலுக்கு எவ்வளவு விடணும்னு என் வண்டியில வச்சு யோசிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வாசலில் குடையோடு நின்றவரும் சிரித்தார். தெருவுக்கே விஷயம் தெரிந்துபோயிருந்தது. மகள் ஒரு நொடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் கண் தாழவில்லை.

அவள் லாரிப் படியில் காலை வைத்து ஏறினாள். ஏறிக்கொண்டே, "மாமா, உங்க வண்டிக்குப் போட்ட தார்ப்பாய் அளவு குறைஞ்சுதா என்னைக்காவது?" என்று கேட்டாள்.

"குறைஞ்சதில்லம்மா. கூடத்தான் இருக்கும். காத்துல வால் மாதிரி ஆடும்."

"அப்ப பேசாம ஓட்டுங்க."

சிநேகிதியையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஹாரன் சிரித்த சிரிப்பு மழையையும் மீறிக் கேட்டது. லாரி கிளம்பிற்று. தெரு இன்னும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கித்தான்காரர் உள்ளே போகவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை, எல்லாரும் பார்க்கும்படியாக, நனைந்துகொண்டே வாசலில் நின்றார். குடைக்காரர், பொண்ணு எப்படி எழுதுவா என்று கேட்டார்.

"எழுதுவா" என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "அவ்வளவுதான் இப்ப தெரியும்" என்றார்.